கை கழுவிய கணக்கும் கணக்கைச் சோதிக்கும் கருவியும்



வைத்தியசாலைத் தொற்றுக்கள் பற்றிச் சென்ற மாதம் வானொலியில் நான் ஆற்றிய உரையைக் கேட்டுப் பலர் தொலைபேசியில் அழைத்திருந்தீர்கள். அழைத்தவர்களில் ஒரு சகோதரி, வைத்தியசாலை ஒன்றில் பி.எஸ்.டபிள்யூ. ஆக வேலை செய்பவர், இப்படிக் கேட்டார்: "அண்ணை, எங்கட வோட்டில கழுத்தில போட ஒரு பட்ஜ் தந்திருக்கினம். கை கழுவினா அது தானாக் கணக்கெடுக்குமாம். நான் கழுவினாலும் சில அறையில கழுவேல்லை எண்டு காட்டுது. இதை ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?"

நான் வைத்தியரும் அல்ல, பொறியியலாளரும் அல்ல. ஊரில் வணிகமாணி படித்து, இங்கே ரொறன்ரோவில் கணக்கெழுதிப் பிழைப்பவன். ஆனாலும் அந்தச் சகோதரியின் கேள்வி எனது தொழிலுக்குள் வருகிற கேள்விதான். ஒரு மனிதரின் பெயருக்கு எதிரே ஓர் எண் எழுதப்படுகிறது. அந்த எண் சரியா என்று யார் பார்த்தார்கள்? இந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதைத்தான் இம்முறை எழுத்தில் தருகிறேன்.

அபர்டீன் நகரத்துப் பட்டியல்

ஸ்கொட்லாந்தில் அபர்டீன் என்ற துறைமுக நகரம். 1789 தொடக்கம் 1792 வரை அங்கே பிள்ளை பெற்ற தாய்மார் பலர் காய்ச்சல் கண்டு இறந்தார்கள். பிரசவக் காய்ச்சல் என்று அதற்குப் பெயர். கிருமி என்ற ஒன்று நோயைப் பரப்புகிறது என்று யாரும் அறியாத காலம் அது. கெட்ட காற்றுத்தான் காரணம் என்று படித்தவர்களும் நம்பினார்கள்.

அந்நகரில் அலெக்சாண்டர் கோர்டன் என்றொரு வைத்தியர் இருந்தார். அவர் செய்தது நாம் கணக்கியலில் செய்வதைப் போன்ற வேலை. நோயுற்ற 77 பெண்களை வரிசைப்படுத்தி, பெயர், வயது, வசித்த இடம், பிரசவம் பார்த்தவர் யார் என்று ஒரு பட்டியல் எழுதினார். எழுதியதும் உண்மை தெரிந்துவிட்டது. நோயாளிக்கு அருகில் இருந்துவிட்டு வந்த மருத்துவிச்சியோ வைத்தியரோ பார்த்த பெண்களுக்குத்தான் அடுத்ததாக நோய் வந்தது. அவர்களில் தானும் ஒருவன், தன் கையாலும் பல பெண்களுக்கு நோய் போயிருக்கிறது என்பதை 1795இல் வெளியிட்ட நூலில் அவரே எழுதினார். உடுப்புகளைச் சுத்தம் செய்ய வேண்டும், நோயாளியைப் பார்த்தவர்கள் தம்மைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்று வழியும் சொன்னார்.

ஆனால் அந்த நூலில் மருத்துவிச்சிகளின் பெயர்களும் அச்சாகியிருந்தன. நகரமே அவருக்கு எதிராகத் திரும்பியது. கோர்டன் ஊரை விட்டுப் பழையபடி கடற்படைக்குப் போனார். 1799இல் இறந்தார். அவருடைய பட்டியல் சரியானது. ஆயினும் பெயரோடு சேர்த்து வெளியிடப்படும் கணக்கு எத்தனை பேரைச் சுடும் என்பதையும் அந்த ஊர் அன்றே காட்டிவிட்டது.

வியன்னாவில் வெளிநாட்டார் மீது விழுந்த பழி

அடுத்த கதை பலருக்கும் ஓரளவு தெரிந்தது. ஆனால் அதில் எம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பகுதி பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

வியன்னாப் பொது வைத்தியசாலையில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. முதலாவதில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள். இரண்டாவதில் மருத்துவிச்சிகள் பயின்றார்கள். ஒருநாள் வரும் பெண்கள் ஒரு விடுதிக்கும் மறுநாள் வருவோர் மற்ற விடுதிக்கும் அனுப்பப்பட்டார்கள். ஆகவே இரு பக்கமும் ஒரே மாதிரியான ஏழைப் பெண்கள்தான். 1846ஆம் ஆண்டில் முதலாம் விடுதியில் 4,010 பிரசவங்களில் 459 தாய்மார் இறந்தார்கள். அதாவது நூற்றுக்கு 11.4 பேர். இரண்டாம் விடுதியில் 3,754 பிரசவங்களில் 105 பேர், நூற்றுக்கு 2.8 பேர். முதலாம் விடுதிக்குப் போட வேண்டாம் என்று பெண்கள் முழந்தாளிட்டு மன்றாடியதாக அங்கே பணிபுரிந்த ஹங்கேரிய வைத்தியர் இக்னாஸ் செம்மல்வைஸ் எழுதியிருக்கிறார்.

இந்த எண்களைப் பார்த்து ஓர் ஆணைக்குழு அமைத்தார்கள். ஆணைக்குழு கண்ட முடிவு என்ன தெரியுமா? மாணவர்கள் பெண்களை முரட்டுத்தனமாகப் பரிசோதிக்கிறார்கள், அதிலும் வெளிநாட்டு மாணவர்கள்தான் மோசம் என்பது. மாணவர் தொகையை 42இலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள். வெளிநாட்டவரில் இரண்டு பேரைத் தவிர மற்றவர்களை விலக்கினார்கள். அதன் பிறகு மரணம் குறைந்தது. 1847 பெப்ரவரியில் 312 பிரசவங்களில் 6 பேர்தான் இறந்தார்கள். பார்த்தீர்களா, வெளிநாட்டவரை விலக்கியதும் சரியாகிவிட்டது என்று எவரும் சொல்லக்கூடிய நிலை.

ஆனால் ஏப்ரலில் அதே 312 பிரசவங்களில் 57 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு 18.3. வெளிநாட்டாரில் இரண்டு பேரைத் தவிர மற்றவர்கள் விலக்கப்பட்ட விடுதியில்தான் இது நடந்தது.

அந்த மார்ச் மாதத்தில் செம்மல்வைசின் நண்பரான பேராசிரியர் யாக்கொப் கொலெற்ச்கா பிரேத பரிசோதனை ஒன்றின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு இறந்திருந்தார். அவர் உடலில் காணப்பட்ட மாற்றங்கள் இறந்த தாய்மாரின் உடலில் கண்டவை போலவே இருந்தன. செம்மல்வைசுக்கு விடயம் விளங்கியது. மாணவர்களும் வைத்தியர்களும் பிண அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வருகிறார்கள். மருத்துவிச்சிகள் பிண அறைக்குப் போவதில்லை. நோய் வந்தது கைகளிலிருந்துதான். எந்த நாட்டவரின் கை என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. மே மாத நடுவில் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று கட்டளையிட்டார். ஜூனில் 268 பிரசவங்களில் 6 மரணம், ஜூலையில் 250இல் 3. அடுத்த ஆண்டான 1848இல் முதலாம் விடுதியில் 3,556 பிரசவங்களில் 45 பேரே இறந்தார்கள். இரண்டு விடுதிகளும் ஏறத்தாழச் சமமாகிவிட்டன.

இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும் 1849இல் அவருடைய பதவி நீடிக்கப்படவில்லை. பின்னர் சொந்த ஊரான புடாபெஸ்ற் பக்கம் போய்விட்டார். 1865இல் வியன்னாவில் மனநோயாளர் இல்லம் ஒன்றில் 47ஆவது வயதில் இறந்தார்.

ஆணைக்குழுவும் செம்மல்வைசும் பார்த்தது ஒரே மரணக் கணக்கைத்தான். ஆணைக்குழு அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, ஆதரவில்லாத ஆட்கள் யார் என்று பார்த்து அவர்கள் மீது பழியைப் போட்டது. செம்மல்வைஸ் அந்த எண் எப்படி உண்டாகிறது என்று தேடினார். வந்தேறு குடிகளாக வாழும் நாம் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

கண்ணால் பார்த்து எண்ணிய காலம்

செம்மல்வைஸ் மரணங்களை எண்ணினார். கை கழுவுவதையே எண்ணத் தொடங்கியது வெகு காலம் கழித்து, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். வோட்டில் ஒருவர் குறிப்புப் புத்தகத்துடன் நிற்பார். கை கழுவ வேண்டிய சந்தர்ப்பம் எத்தனை, கழுவியது எத்தனை என்று குறிப்பார். இரண்டாவதை முதலாவதால் பிரித்தால் வரும் வீதமே அந்த வோட்டின் புள்ளி.

இம்முறையில் நடந்த மிக முக்கியமான வேலை ஜெனீவாப் பல்கலைக்கழக வைத்தியசாலைகளில் நடந்தது. பேராசிரியர் டிடியே பிற்றே தலைமையில் 1994 டிசம்பர் முதல் 1997 டிசம்பர் வரை 20,000க்கும் அதிகமான சந்தர்ப்பங்களைப் பார்த்து எண்ணினார்கள். கை சுத்தம் செய்தோர் வீதம் 48இலிருந்து 66 ஆக உயர்ந்தது. வைத்தியசாலைத் தொற்று 16.9 வீதத்திலிருந்து 9.9 வீதமாகக் குறைந்தது. 2000ஆம் ஆண்டு லான்செற் மருத்துவ இதழில் இது வெளியானது. இதில் எனக்குப் பிடித்த விடயம் ஒன்று உண்டு. தாதியர் கை கழுவவில்லை என்று கண்டதும் அவர்களைக் கண்டிப்பதுடன் நின்றுவிடவில்லை. ஏன் கழுவவில்லை என்று பார்த்தார்கள். நேரம் போதவில்லை என்று தெரிந்தது. தண்ணீர்த் தொட்டி வரை போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதற்குப் பதிலாக, அற்ககோல் கலந்த திரவத்தைக் கட்டிலடிக்கே கொண்டு வந்தார்கள். இன்று நாம் எங்கும் காணும் சனிற்றைசர் அப்படித்தான் உலகெங்கும் பரவியது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில் எப்போதெல்லாம் கை சுத்தம் செய்ய வேண்டும் என்று ஐந்து சந்தர்ப்பங்கள் வகுக்கப்பட்டுள்ளன: நோயாளியைத் தொட முன், சுத்தமான சிகிச்சை வேலை ஒன்றைச் செய்ய முன், உடல் திரவம் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின்.

பிரித்தானியாவில் வேறொரு வழியிலும் எண்ணினார்கள். கணக்காளர்கள் கேட்டால் மகிழ்வார்கள். 2004இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் நடந்த கை கழுவும் இயக்கத்தின்போது, வைத்தியசாலைகள் வாங்கிய சவர்க்காரத்தையும் அற்ககோல் திரவத்தையும் கொள்வனவுக் கணக்கிலிருந்து எடுத்து, கட்டில்களின் எண்ணிக்கைக்குப் பிரித்துப் பார்த்தார்கள். நோயாளி ஒருவர் ஒரு நாள் தங்குவதற்கு 21.8 மில்லிலீற்றராக இருந்தது நான்கு ஆண்டுகளில் 59.8 மில்லிலீற்றராக உயர்ந்தது. அதே காலத்தில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற மருந்துக்கு அடங்காத கிருமியின் இரத்தத் தொற்று 10,000 கட்டில் நாட்களுக்கு 1.88இலிருந்து 0.91 ஆகக் குறைந்தது. வேறு நடவடிக்கைகளும் கூடவே நடந்தன என்பதையும் சொல்ல வேண்டும். கொள்வனவுக் கணக்கு மொத்தத்தைக் காட்டும். யார், எப்போது, எந்தக் கட்டிலருகில் என்பதைக் காட்டாது.

ரொறன்ரோவில் இருக்கும் எமக்கு 2003ஆம் ஆண்டு மறக்க முடியாதது. சார்ஸ் நோய் அந்த மார்ச் மாதம் எமது மக்கள் செறிந்து வாழும் ஸ்காபுரோவின் கிரேஸ் வைத்தியசாலையிலிருந்துதான் பரவத் தொடங்கியது. கனடாவில் 44 பேர் இறந்தார்கள். அவர்களில் இரண்டு தாதியரும் ஒரு வைத்தியரும் இருந்தார்கள். நீதியரசர் ஆர்ச்சி காம்பல் ஆணைக்குழுவின் இறுதி அறிக்கை 2007 ஜனவரியில் வெளிவந்தது. பணியாளரின் பாதுகாப்புக்கு முன்னெச்சரிக்கையே முதல் விதியாக வேண்டும், விஞ்ஞான நிரூபணம் முழுமையாக வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று அது வலியுறுத்தியது. 2009 ஏப்ரலிலிருந்து ஒன்ராறியோ வைத்தியசாலைகள் தமது கை கழுவும் வீதத்தைப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும் என்ற நடைமுறை வந்தது. எண்கள் வெளியே வரத் தொடங்கியதும் அவற்றின் நம்பகத்தன்மை பற்றிய கேள்வியும் வந்தது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று எங்கள் முன்னோர் சொல்வார்கள். குறிப்புப் புத்தகத்துடன் ஒருவர் நின்றால் யார்தான் கை கழுவாமல் போவார்? 1924 முதல் 1932 வரை சிக்காகோவுக்கு அருகே ஹோதோர்ன் தொழிற்சாலையில் நடந்த ஆய்வுகளின் பெயரால் இதை ஹோதோர்ன் விளைவு என்பார்கள். பின்வந்தவர்கள் அந்தத் தொழிற்சாலைத் தரவுகளை மறுபடி ஆராய்ந்து, நடந்தது அவ்வளவு எளிதான கதையல்ல என்றார்கள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஆனால் கை கழுவுவதில் இந்த விளைவு உண்மை என்பதை எங்கள் நகரத்திலேயே நடந்த ஆய்வொன்று காட்டியது. மின்னணுக் கருவிகள் பொருத்தப்பட்ட ரொறன்ரோ வைத்தியசாலை விடுதிகளில், கணக்கெடுப்பவரின் கண்ணுக்குத் தெரியக்கூடிய இடத்தில் இருந்த சனிற்றைசர் பெட்டிகள், அவர் நின்ற வேளைகளில் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகப் பயன்படுத்தப்பட்டன. 2014இல் வெளியான ஆய்வு அது.

கருவி எண்ணத் தொடங்கியது

ஆகவே மனிதக் கண்ணுக்குப் பதிலாகக் கருவி வந்தது. அது வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சுவரில் உள்ள சனிற்றைசர் பெட்டிக்குள் ஒரு சென்சரும் சிறிய கம்பியில்லா ஒலிபரப்பியும் பற்றரியும் இருக்கும். நாம் கையை நீட்டியதும் திரவம் வரும். கூடவே "இன்ன இலக்கப் பெட்டி இப்போது பயன்படுத்தப்பட்டது" என்று ஒரு சமிக்ஞை போகும். பணியாளரின் பட்ஜ் தன் இலக்கத்தை அனுப்பும். கட்டிலடியிலோ அறை வாசலிலோ உள்ள மூன்றாவது கருவி, இந்த பட்ஜ் என் எல்லைக்குள் வந்துவிட்டது என்று சொல்லும். எல்லாவற்றையும் ஒரு பெறுகருவி வாங்கி மையக் கணினிக்கு அனுப்பும். எல்லைக்குள் போக முன் பெட்டியின் சமிக்ஞை இருந்தால் "கழுவினார்", இல்லாவிட்டால் "கழுவவில்லை" என்று கணினி எழுதும்.

வானொலியில் வேலை செய்யும் எமக்கு இதில் உள்ள சிக்கல் உடனே விளங்கும். இதுவும் ஒலிபரப்புத்தான். இத்தகைய கருவிகள் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. வைபை, புளூரூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே அங்கேதான் நெருக்கியடிக்கின்றன. மனித உடலில் உள்ள நீர் இந்த அலைகளை உறிஞ்சும். பட்ஜை உடம்பு மறைத்தால் சமிக்ஞை நலிந்து போகும். இரும்பு அலுமாரி தடுக்கும். மறுபக்கம், இரண்டு கட்டில்களுக்கு நடுவே தொங்கும் திரைச்சீலையை அலைகள் இலகுவாக ஊடுருவும். ஆகவே பக்கத்துக் கட்டிலுக்கு அருகில் நடந்து போனவரை இந்தக் கட்டிலுக்கு வந்ததாகக் கருவி எண்ணிவிடலாம்.

இன்னுமொன்று. கருவிக்குத் தெரிவது வருவதும் போவதும் மட்டுமே. ஐந்து சந்தர்ப்பங்களில் நடுவில் உள்ள இரண்டும், அதாவது சுத்தமான வேலைக்கு முன்னும் உடல் திரவம் பட்ட பின்னும், கட்டிலருகில் நிற்கும்போதே வருபவை. வாசலை மட்டும் பார்க்கும் கருவிக்கு அவை தெரியா. அறைக்குள் எட்டிப் பார்த்து "அம்மா சாப்பிட்டீங்களா" என்று கேட்டு எதையும் தொடாமல் திரும்பியவரையும் அது ஒரு தவறாக எழுதக்கூடும். வீதம் கணக்கிடும்போது கீழ் எண் பிழைத்தால் விடையும் பிழைக்கும் என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

கையடக்கச் சோதனைக் கருவி

இங்கேதான் கையடக்கச் சோதனைக் கருவி வருகிறது. எமது நேயர்களில் வைத்தியசாலைக் கருவிகளைப் பராமரிக்கும் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் இருக்கிறார். அவர் நிலையத்துக்கு வந்து இதை எனக்கு விளங்கப்படுத்தினார். கையில் அடங்கும் ஒரு பெட்டி, சிறிய திரை, சில பொத்தான்கள். அறை அறையாக அதைக் கொண்டுபோய்ச் சோதிப்பார்கள்.

முதலில் சனிற்றைசர் பெட்டி. ஒருமுறை கை நீட்டினால் ஒரு சமிக்ஞை வர வேண்டும். இரண்டு வந்தாலும் பிழை, ஒன்றும் வராவிட்டாலும் பிழை. திரையில் தெரியும் இலக்கமும் அந்தச் சுவருக்கென்று பதிவேட்டில் உள்ள இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பற்றரி எவ்வளவு மிச்சம் என்பதையும் பார்ப்பார்கள். அடுத்தது பட்ஜ். அது அனுப்புகிறதா, அதன் இலக்கம் அணிந்திருப்பவருக்கு உரியதுதானா என்று பார்ப்பார்கள். மூன்றாவது எல்லை. சோதனைக் கருவியைப் பிடித்தபடி கட்டிலை நோக்கி அடி அடியாக நடந்து, எல்லை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, பக்கத்துக் கட்டிலுக்குள் கசிகிறதா என்று குறிப்பார்கள். நான்காவது, அந்த மூலையிலிருந்து பெறுகருவி வரை சமிக்ஞை போதிய வலுவோடு போகிறதா என்பது.

இதைக் கேட்டதும் நான் ஒரு கேள்வி கேட்டேன். சமிக்ஞை காற்றில் போனது என்று சோதனைக் கருவி சொல்கிறது, ஆனால் கணினி அதைச் சரியான இடத்தில் பதிந்ததா என்று எப்படித் தெரியும்? அவர் சிரித்துவிட்டு, அதற்குத்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். பத்துமுறை அழுத்தி நேரத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு கணினியில் அதே பத்து வரிகளும் அதே நேரத்தில் அதே அறையின் பெயரில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. வர்த்தகம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. நாங்கள் வங்கிக் கணக்கிணக்கக் கூற்று என்று மாதாமாதம் செய்வது இதைத்தான். எமது காசேடு ஒன்று சொல்லும், வங்கிக் கூற்று ஒன்று சொல்லும். இரண்டையும் வரி வரியாக ஒப்பிடும் வரை எதையும் நம்ப மாட்டோம்.

தொலைபேசியில் கேட்ட சகோதரியின் வோட்டிலும் பின்னர் அப்படி ஒரு சோதனை நடந்தது. வைத்தியசாலையின் பெயர் இங்கே தேவையில்லை. பழுதான பெட்டியைக் கழற்றிப் புதிய பெட்டி மாட்டியிருக்கிறார்கள். புதிய பெட்டியின் இலக்கம் கணினியில் வேறொரு அறையின் பெயரில் இருந்திருக்கிறது. ஆகவே அவர் அந்த அறை வாசலில் கை சுத்தம் செய்த ஒவ்வொரு முறையும் அது வேறோர் இடத்துக்குப் பதிவாகியிருக்கிறது. பேரேட்டில் ஒருவர் கட்டிய பணத்தை இன்னொருவர் கணக்கில் வரவு வைப்பதைப் போன்ற பிழை. பரீட்சை மீதி எடுத்தால் இரு பக்கமும் சமப்படும். மொத்தத்தில் குறை தெரியாது. கட்டியவர் மட்டும் கடன்காரராக நிற்பார்.

பழைய படிக்கல்லும் புதிய கருவியும்

ஊரில் கடைகளில் தராசும் படிக்கல்லும் இருந்ததை என் வயதுக்காரர் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் படிக்கற்களை அரசாங்க உத்தியோகத்தர் சோதித்து முத்திரை குத்துவார். முத்திரை வாங்குபவருக்குப் பாதுகாப்பு என்று மட்டும் நினைப்போம். நேர்மையான கடைக்காரருக்கும் அதுவே பாதுகாப்பு. நிறை குறைகிறது என்று யாராவது சத்தம் போட்டால் முத்திரையைக் காட்டலாம். வோட்டில் வேலை செய்பவருக்கு இந்தச் சோதனைக் கருவியின் பதிவு அத்தகைய முத்திரை. நோயாளிக்கும் அதுவே காப்பு. ஏனென்றால் கருவி பிழையாக "எல்லோரும் கழுவினார்கள்" என்று காட்டினாலும் ஆபத்துத்தான். அப்போது வோட்டில் தொற்று வரும், எண் மட்டும் அழகாக இருக்கும்.

சரி, அந்தச் சோதனைக் கருவியை யார் சோதிப்பது என்று நீங்கள் கேட்கலாம். கணக்காய்விலும் இதே கேள்வி உண்டு. கணக்கு எழுதியவரே கணக்காய்வு செய்யக் கூடாது என்பதுதான் எமது தொழிலின் முதல் விதி. கருவியை விற்ற நிறுவனம் மட்டுமே அதைச் சோதித்து "எல்லாம் சரி" என்று எழுதித் தருவது போதாது. வைத்தியசாலையின் சொந்த ஆட்களும் குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதித்து, திகதியுடன் பதிந்து வைக்க வேண்டும். அவ்வப்போது ஒரு மனிதர் நேரில் நின்று எண்ணி, அதைக் கருவியின் எண்ணோடு ஒப்பிடவும் வேண்டும். எந்த முறையும் தனியே நின்று முழு உண்மையைச் சொல்வதில்லை.

எமது வீடுகளில் யாராவது ஒருவர் வைத்தியசாலையிலோ முதியோர் இல்லத்திலோ வேலை செய்கிறார். இரவு வேலை, துப்புரவு வேலை, பராமரிப்பு வேலை. முகாமையாளர் ஒரு தாளைக் காட்டி "உங்கள் வீதம் குறைவு" என்றால், ஆங்கிலத்தில் வாதாடத் தயங்கி, வேலை போய்விடும் என்ற பயத்தில் பேசாமல் கையெழுத்திட்டுவிட்டு வருபவர்கள் எம்மில் உண்டு. அப்படியான நேரத்தில் மரியாதையாகக் கேட்கக்கூடிய கேள்விகள் நான்கைச் சொல்லி வைக்கிறேன். எனது பட்ஜும் இந்த வோட்டிலுள்ள பெட்டிகளும் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன? அந்தச் சோதனைப் பதிவை நான் பார்க்கலாமா? குறைந்த வீதம் எல்லா அறைகளிலுமா, அல்லது குறிப்பிட்ட சில அறைகளில் மட்டுமா? அதே அறைகளில் மற்றவர்களுக்கும் குறைகிறதா? மூன்றாவது கேள்வி மிக முக்கியமானது. ஆளில் குறை என்றால் அது ஆளோடு சேர்ந்து எல்லா அறைக்கும் போகும். கருவியில் குறை என்றால் அது அந்தச் சுவரிலேயே நிற்கும். தொழிற்சங்கப் பிரதிநிதி இருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். எந்தத் தினம், எந்த அறை, என்ன நேரம் என்று ஒரு சிறு கொப்பியில் நீங்களும் குறித்து வையுங்கள்.

கை கழுவுவதில் சலிப்பு வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இருநூறு ஆண்டு வரலாறு அதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. வியன்னாவில் 1847 ஏப்ரலில் இறந்த 57 தாய்மாருக்கும் நாங்கள் பார்க்கும் நோயாளிகளுக்கும் இடையில் நிற்பது அந்த ஒரு பழக்கம்தான். கழுவுங்கள். கழுவியது சரியாகப் பதிவாகிறதா என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

இது தொடர்பாக உங்கள் வேலைத்தலத்தில் கண்ட அனுபவங்கள் இருந்தால், பெயர் குறிப்பிடாமல் நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். வரும் மாத உரையில் சேர்த்துக்கொள்கிறேன்.